வீடு யாருக்கு, கடன் யாருக்கு?

சனிக்கிழமை சாயந்திரம் அடைக்கு அரைத்துக் கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. என் சிநேகிதி நின்று கொண்டிருந்தாள். கையில் ஒரு நீளக் கவர். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இந்தா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. பாதி புரியலை. புரிஞ்ச பாதியிலேயே கை நடுங்குது."

பாங்கிலிருந்து வந்த கடிதம். வீட்டுக் கடனில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று மூன்று தவணை பாக்கி, உடனே கட்டாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த மே மாதம்தான் அவள் கணவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போயிருந்தார். தாம்பரம் பக்கம் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் அவளும் ஒன்பது வயசுப் பெண்ணும் ஐந்து வயசுப் பையனும் மட்டும்.

"கடன் வாங்கினது அவர்தானே? அவர் கட்டலேன்னா அவரைத்தானே பாங்க்காரன் கேட்கணும்? என்னை எதுக்குக் கேட்கிறான்?"

கடிதத்தின் தலைப்பில் இரண்டு பெயர் இருந்தது. இரண்டாவது பெயர் அவளுடையது.

"அன்னிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. விரல் காட்டின இடத்திலெல்லாம் போட்டேன். நாற்பது பக்கம் இருக்கும். எவ யாரு படிச்சா?"

நம்மில் எத்தனை பேர் இப்படி! பட்டுப்புடவை வாங்கும்போது ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், இருபது வருஷக் கடன் பத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். வீட்டுக்காரர் மேல் உள்ள நம்பிக்கை என்று சொல்லிக் கொள்கிறோம். நம்பிக்கை இருக்கட்டும், ஒரு நகலாவது பீரோவில் இருக்க வேண்டாமா?

பிரிவு என்று வந்துவிட்டால் முதலில் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக் கொள்கிறோம். அப்படி இல்லை. வீடு முழுக்கக் கணவன் பெயரில் இருக்கும், மனைவி கடனுக்கு மட்டும் கோ-அப்ளிகண்ட் ஆகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவள் நிலைமைதான் ரொம்ப மோசம். சொத்தில் பங்கு காகிதத்தில் இல்லை, கடனில் மட்டும் முழுப் பொறுப்பு.

'முழு' என்று சொன்னது வேண்டுமென்றேதான். ஆளுக்குப் பாதி என்கிற கணக்கு பாங்கில் செல்லாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவு, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது. அதிகம் கட்டினவர் மற்றவரிடம் அவர் பங்கை வசூல் செய்துகொள்ளலாம், ஆனால் அது அவர்கள் இருவருக்குள் உள்ள வழக்கு. கோர்ட்டில் சமாதானம் பேசி 'இனிமேல் தவணையை நானே கட்டுகிறேன்' என்று கணவர் எழுதிக் கொடுத்தால்கூட அது பாங்கைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டத் தவறினால் பாங்க் உங்கள் வாசலுக்கும் வரும். கடன் மதிப்பெண் இருவருக்குமே இறங்கும்.

என் சிநேகிதி விஷயத்தில் ஒரு நல்லது, கிரயப் பத்திரத்திலும் இருவர் பெயரும் இருந்தன.

தொண்ணூறு நாள் கணக்கு

அன்றைக்கு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தவணைத் தேதி மாதம் 5. முதலில் தவறியது ஜூன் 5. ஒரு தவணை பாக்கி விழுந்து 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடனை 'வாராக்கடன்' பட்டியலில் சேர்த்து விடுவார்கள். ஜூன் 5-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 3. கையில் இருந்தது பதினோரு நாள்.

பட்டியலில் ஏறிவிட்டால் என்ன? 2002-ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி பாங்க் கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டை எடுத்து விற்கலாம். முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால் 15 நாளுக்குள் பாங்க் பதில் சொல்லியாக வேண்டும். பணமும் கட்டவில்லை, ஆட்சேபமும் ஏற்கவில்லை என்றால் சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டிப் பத்திரிகையிலும் போடுவார்கள். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நம் மாநிலத்தில் சென்னை, கோயமுத்தூர், மதுரை மூன்று ஊரிலும் இருக்கிறது. ஏலம் விட 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த ஏல அறிவிப்பு வெளியாகும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கிற உரிமை உண்டு. 2016-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வந்து விட்டால் அந்த உரிமையும் போய்விடுகிறது.

இவ்வளவு படி இருக்கிறதே, மெதுவாகப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒருமுறை பட்டியலில் ஏறினால், ஒரு தவணை இரண்டு தவணை கட்டி இறங்க முடியாது. பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும்.

ஆனால் ஏறுவதற்கு முன்னால்? கட்டுகிற பணம் பழைய பாக்கிக்குத்தான் முதலில் போகும். ஜூன் தவணையை மட்டும் கட்டினால் பழைய பாக்கி ஜூலை 5 ஆகிவிடும், ஒரு மாசம் மூச்சு விடலாம். அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 22,493 ரூபாய் கட்டினாள். வேறு யாராவது கேட்டால் தவணைக்காக நகையை வைக்காதே என்றுதான் சொல்வேன். அந்த ஒரு தடவை மட்டும் சரி என்று பட்டது.

திங்கட்கிழமை இரண்டு பேருமாகக் கிளைக்குப் போனோம். மேனேஜர் முதலில், "வீட்டுப் பிரச்னையெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால் குடும்பக் கதையை விட்டுவிட்டு நேரே கேட்டோம். ஆரம்பத்திலிருந்து கணக்கு அறிக்கை ஒன்று வேண்டும், கடன் ஒப்பந்த நகல் வேண்டும், தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்க முடியுமா சொல்லுங்கள், இனி கடிதங்கள் எனக்கும் தனியாக என் விலாசத்துக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் மனுவாக எழுதி இரண்டாவது பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போனதால் குரலிலும் கொஞ்சம் தெம்பு இருந்தது.

நடுவில் வசூல் ஏஜெண்ட் ஒருவன் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தான். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும் அவன் "சாரி மேடம்" என்று வைத்துவிட்டான்.

'நீ வெளியே போ' என்றால்?

மாமனார் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். "வீட்டைக் காலி பண்ணிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிடு, வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிக்கிறோம்." கேட்க நியாயம் மாதிரிதான் இருக்கும். அவள் அம்மாகூட, "போகட்டும், நம்ம வீட்டிலே ஒரு ரூம் இல்லியா?" என்றாள். போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். உரிமை என்பது காகிதத்தில் இருந்தாலும், பூட்டின வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அதைக் கேட்பது மகா சிரமம்.

2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் சரி. மாமனார் பெயரில் இருந்தால்? 2006-இல் சுப்ரீம் கோர்ட் அப்படிப்பட்ட வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் அதே கோர்ட் அந்தக் கருத்தை மாற்றி, நிலையாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு உறவினர் பெயரில் இருந்தாலும் அது 'பொது இல்லம்' ஆகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தச் சட்டம் எந்த மதத்தவருக்கும் பொது. அடித்தால்தான் வன்முறை என்றும் இல்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதும் பொருளாதார வன்முறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

மாஜிஸ்டிரேட்டிடம் மனுக் கொடுத்தால் 19-வது பிரிவின்படி என்னென்ன கேட்கலாம் தெரியுமா? உங்களை வெளியேற்றக் கூடாது, வீட்டை விற்கவோ மேற்கொண்டு அடமானம் வைக்கவோ கூடாது, இல்லையென்றால் அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு கேட்கலாம். பல பேருக்குத் தெரியாதது அதே பிரிவின் 6-வது உட்பிரிவு. வாடகையையும் மற்றப் பாக்கிகளையும் கணவன் கட்ட வேண்டும் என்று மாஜிஸ்டிரேட் விதிக்கலாம். தவணையை அதில் சேர்த்துக் கேளுங்கள் என்று வக்கீலிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஜீவனாம்ச மனுவிலும் தவணையைச் செலவுக் கணக்கில் காட்ட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 144-வது பிரிவாக ஆகியிருக்கிறது. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் வகுத்த முறைப்படி இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். அவர் எவ்வளவு மறைத்தார், நாம் எவ்வளவு தெரியாமல் இருந்தோம் இரண்டும் அங்கே வெளிவரும்.

ஒன்று மறக்காதீர்கள். இந்த உத்தரவெல்லாம் கணவன் மேல்தான். அடமானம் பிடித்த பாங்கை அது தடுக்காது. குடியிருக்கும் உரிமை கையில் இருக்கிறது என்று தவணையை விட்டுவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும்.

அடி உதை இருக்கிற வீடா? அப்படியானால் வீடு, பத்திரம், தவணை எல்லாம் அப்புறம். குழந்தைகளோடு முதலில் வெளியே வாருங்கள். 181-க்குப் போன் செய்யுங்கள். வெளியே வந்ததால் உரிமை போய்விடாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு 15100.

வீடு கணவன் பெயரில் மட்டும் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் கல்யாணம் ஆனதாலேயே கணவன் வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பாதி என்று எழுதின சட்டம் கிடையாது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சம்பாத்தியத்துக்குச் சமம், அதனால் வாங்கின சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது பெரிய விஷயம்தான். ஆனாலும் அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. முன்பணத்துக்கு உங்கள் நகையை விற்றிருந்தால் அந்த ரசீது, அப்பா கொடுத்த பணம் பாங்க் வழியாக வந்திருந்தால் அந்தப் பாஸ்புக், எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் அவ்வப்போது வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எப்போதாவது அவருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தால் உடனே ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். இதை எழுதும்போதே எனக்குத் தெரிந்த இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள், இன்னும் அவர்கள் ரத்து செய்யவில்லை.

வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

இந்தக் கேள்விக்கு மனசு ஒரு பதில் சொல்லும், நோட்டுப் புத்தகம் ஒரு பதில் சொல்லும். என் சிநேகிதியின் மனசு சொன்னது: பெண்ணின் ஸ்கூல் நடக்கிற தூரம், பால்கனியில் தொட்டியில் கறிவேப்பிலை மரமாகி இருக்கிறது, எதிர் வீட்டு மாமி பையனைப் பார்த்துக் கொள்கிறாள்.

நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம். தவணை 22,493. ஆறு வருஷம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. அசலில் எவ்வளவு குறைந்திருக்கும், ஊகியுங்கள்? மூன்றரை லட்சம்தான்! இன்னும் 21 லட்சத்து 44 ஆயிரம் சொச்சம் பாக்கி. ஆரம்ப வருஷங்களில் தவணையில் பெரும் பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. "அப்போ நான் ஆறு வருஷமா வட்டிதான் கட்டினேனா?" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

வீட்டின் விலை 45 லட்சம் போகும் என்று தரகர் சொன்னார். கடனைக் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய 23 லட்சத்து 56 ஆயிரம், ஆளுக்குப் பாதி 11 லட்சத்து 78 ஆயிரம். வீட்டை அவளே வைத்துக்கொள்ள வேண்டுமானால் பாக்கிக் கடன் முழுவதையும் ஏற்றுக்கொண்டு, அவர் பங்கான அந்தப் பதினொன்றே முக்கால் லட்சத்துக்கும் வழி சொல்ல வேண்டும்.

அவள் தனியார் பள்ளி டீச்சர். கைக்கு வருவது 32,000. சாயந்திரம் டியூஷன். பாக்கியை மறுபடி 20 வருஷத்துக்கு நீட்டினாலும் தவணை 19,300 பக்கம் வருகிறது. அதோடு அபார்ட்மெண்ட் பராமரிப்பு, சொத்து வரி, மோட்டார் ரிப்பேர் என்று மாசம் மூவாயிரமாவது ஆகும், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளத்தில் பாதிக்குமேல் தவணைக்குப் போவதைப் பாங்குகள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. அவள் தம்பி, "நான் சேர்ந்து கையெழுத்துப் போடறேன் அக்கா" என்று வந்திராவிட்டால், விற்றுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். விற்பது தோல்வியும் இல்லை. வாங்குபவருடைய பாங்க் நேரே கடனை அடைத்துப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைப் பிரித்துக் கொள்ளலாம். பாதிச் சம்பளத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பால் வாங்க யோசிக்கிற வீட்டில் என்ன நிம்மதி? தம்பியிடமும் நான் கறாராகச் சொன்னேன்: "உன் பெண்டாட்டிகிட்டே கேட்டுட்டு வா." அவனும் அதே முழுப் பொறுப்பில்தானே மாட்டுகிறான்! அவன் மனைவி வந்து, எல்லாம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். புத்திசாலிப் பெண்.

கணவரின் பங்குக்கு என்ன செய்தார்கள்? ஒரு வருஷம் பேச்சு நடந்தது, அதில் பாதி சண்டை. கடைசியில் அவளுக்குத் தர வேண்டிய மொத்த ஜீவனாம்சத்துக்குப் பதிலாகத் தன் பாதியை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். குழந்தைகளின் மாதாந்திரத் தொகை தனி. முதலில் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தில் அதையும் சேர்த்து 'எல்லாம் தீர்ந்தது' என்று இருந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. குழந்தைகளின் பராமரிப்பு குழந்தைகளுடையது, அதை வீட்டுக்கு ஈடாக எழுதிக் கொடுக்க நாம் யார்?

பத்திரத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். நல்ல நேரம் இல்லை, தீர்ப்புக்கு முன்னா பின்னா என்பதுதான். தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் செட்டில்மெண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த வரம்பு. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் விடுதலைப் பத்திரம், அவர் பெயரில் மட்டும் இருந்தால் செட்டில்மெண்ட். இவள் விஷயத்தில் பாதிப் பங்கின் மதிப்பு இருபத்திரண்டரை லட்சம் என்று வைத்தால் 22,500-ம் 10,000-மாக 32,500 ரூபாயில் முடிகிறது. விவாகரத்து ஆகிவிட்டால் அவர் கணவரே இல்லை, குடும்பச் சலுகையைக் கேட்க முடியாது. கிரயம் என்று போனால் 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்ந்து 2 லட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு! பரஸ்பரச் சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் பொதுவாக ஆறு மாச இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் பத்திரத்தை முடிக்க வேண்டும். பாங்கின் சம்மதக் கடிதம் இல்லாமல் பத்திரம் எழுதக் கூடாது என்பதும் உண்டு. கடன் நிலுவையில் இருக்கும்போது பத்திரம் அவர்களிடம் அல்லவா இருக்கிறது?

கணவர் பெயரைக் கடனிலிருந்து எடுக்கப் பாங்க் லேசில் ஒத்துக்கொள்ளாது. இருவரில் அதிகச் சம்பளக்காரரை யார் விடுவார்கள்? பழைய பாங்க் முடியாது என்றதும், வேறு பாங்கில் அவளும் தம்பியுமாகப் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்தார்கள். வட்டி மாறுகிற வகைக் கடனில் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. கடனை அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கொடுத்தாக வேண்டும், பாங்கின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. பழைய கடனோடு எடுத்த ஆயுள் இன்ஷூரன்ஸ் கணவர் உயிர் மேல்தான் இருந்தது. புதுக் கடனுக்கு அவள் பெயரில் எடுத்தாள்.

விடுதலைப் பத்திரப் பதிவுக்கு வருகிற வியாழக்கிழமை சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் காலை பதினொன்றரை மணிக்கு டோக்கன். நேற்று ராத்திரி போன் செய்தாள்.

"அவர் வருவார்னு சொல்லியிருக்கார். இரண்டு சாட்சி வேணுமாம். ஒண்ணு நீ வர்றியா?"

"வராம?"

"ஆதார் கார்டு மறக்காதே. அப்புறம்... பத்திரத்தை நான் முழுசாப் படிச்சுட்டேன். பதினேழு பக்கம். இரண்டு தடவை."

கழுத்துச் சங்கிலியையும் போன மாசம் மீட்டுவிட்டாளாம்.